தட்டைக் கவிழ்க்கும் வீடு

பிப்ரவரி 6
கண்ணாடிக் கடை

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நாட்டிலுள்ள குழந்தைகளையெல்லாம் காப்பாற்றிக்கொண்டு தலைநகரில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன குறை இருக்கப் போகிறது?

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பேசாமல் இருப்பாய். அந்த அமைதியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பதிலைக் கடை விலாசத்துக்கே போடு. வீட்டுக்கு வரும் தபாலை அப்பாதான் பிரிக்கிறார்.

நேற்று சாயங்காலம் ஒரு லாரி டிரைவர் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க வந்தார். வழக்கம்போல அன்றைய பேப்பரைக் கையில் கொடுத்து, "படிங்க பாக்கலாம்" என்றேன். மனுஷன் சத்தமாகப் படிக்கிற ரகம். குழந்தைகளைத் துன்புறுத்தலிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காப்பதற்கான தேசியக் கொள்கை, வரைவு வெளியானது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஆரம்பித்தார். அக்கா வேலை பேப்பரில் வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அடுத்த பத்தி வரும்வரைக்கும்.

"உடலில் தடமில்லாத துன்புறுத்தலுக்கு எடுத்துக்காட்டு: ஒரு வீட்டில், தவறு செய்த குழந்தையின் தட்டு சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைக்கப்படும். வைத்தவரே அதை நிமிர்த்தும்வரை வீட்டில் யாரும் அந்தக் குழந்தையோடு பேசக் கூடாது, அதன் முகத்தைப் பார்க்கவும் கூடாது."

அப்பா எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நடை முடிந்து கடைக்கு வந்து உட்காருவது அவர் வழக்கம். டிரைவர் கண்ணாடியைக் கழற்றி, "யாரு சார் இவனுங்க? மனுஷனுங்கதானா?" என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா அமைதியாக, "எழுத்து தெளிவா தெரியுதில்ல? அப்ப லென்ஸ் சரியா இருக்கு" என்றார். அவர் குரல் என்றைக்குத்தான் உயர்ந்திருக்கிறது? வீட்டுக்குப் போகும் வழியில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

யாரைக் கேட்டு எழுதினாய்? நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் போட்டுவிட்டாயே! அவர் நம்மை ஒரு அடி அடித்திருப்பாரா? பட்டினி போட்டிருப்பாரா? நீ போய்விட்டாய். அவரோடு இருப்பவன் நான். இறுதி வடிவத்தில் அந்தப் பத்தி இருக்கக் கூடாது. இருந்தால் உனக்குத் தம்பி இல்லை.

தம்பி

---

பிப்ரவரி 14
வரைவுக் குழு அலுவலகம்

அன்புள்ள சோடாபுட்டி,

இந்தப் பெயரைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறும். ஏறட்டும். உன்னை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

உன்னைக் கேட்காமல் எழுதியது தப்பு. மன்னித்துவிடு. எழுதியதையே தப்பென்று சொல்லாதே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் குழுவின் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. ஒவ்வொரு பிரிவையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது எந்த வீட்டுக் கதவைத் தட்டும்?" என்பார். பதில் சொல்ல முடியாத பிரிவைச் சிவப்பு மையில் அடித்துவிடுவார். நல்ல பழக்கம்தான். அலங்கார வாக்கியங்கள் பாதி அப்படித்தான் ஒழிந்தன. தடமில்லாத துன்புறுத்தல் என்ற பிரிவு வந்தபோதும் கேட்டார். நிதித்துறை அதிகாரி சிரித்தார். "அடிச்சாங்களா, இல்ல. சாப்பாடு போட்டாங்களா, போட்டாங்க. அப்புறம் எதுக்குங்க கேஸு?" என்றார். எனக்கு ஒரே ஒரு வீட்டின் கதவுதான் தெரியும். சொல்லிவிட்டேன். அது வரைவுக்குள் போய், பேப்பருக்கும் போய்விட்டது.

பட்டினி போடவில்லை, உண்மைதான். அம்மா அடுப்படியில் மூடி வைத்திருப்பாள். எல்லாரும் எழுந்து போனபிறகு நின்றபடியே சாப்பிட வேண்டும். ஆனால் அப்பா தட்டைக் கவிழ்க்கும்போது சொல்வாரே, "இன்னிக்கு நீ இல்ல" என்று. அதை எப்படி மறந்தாய்? நான் கணக்கில் குறைவாக வாங்கினதற்காக இல்லாமல் போன அந்த வாரம், நீ பல்பம் கேட்டு என்னிடம் வந்து, பாதியில் நினைவு வந்து திரும்பிப் போனாய். உனக்கு அப்போது ஆறு வயது. உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்குக் கண்ணாடியில் என் முகம் தெரிகிறதா என்று போய்ப் பார்த்தேன். சிரிக்காதே, நிஜமாகவே பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். உன் மனைவி மருந்துக் கடையில் வேலை முடிந்து வர இருட்டிவிடும், உனக்குக் கடை. உன் மகள் வாண்டு பள்ளிவிட்டு வந்து யாரோடு சாப்பிடுகிறாள்? சனிக்கிழமை மதியம்?

அக்கா

---

பிப்ரவரி 22

அக்காவுக்கு,

அப்பாவோடுதான் சாப்பிடுகிறாள். வேறு யாரோடு சாப்பிடுவாள்?

அவளுக்குத் தலை பின்னிவிடுவது அவர். பள்ளிவரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போவது அவர். நில அளவைத் துறையில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவர், அவளுக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுக்கிறார். தெருவில் சுவர்ச் சண்டை வந்தால் இன்றைக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், அவர் சொன்னால் இரண்டு பக்கமும் கேட்கிறது. நீ பார்த்த மனிதர் இல்லை இவர். வயதாகிவிட்டது, கனிந்துவிட்டார். என் மகள் எட்டு வயதில் எவ்வளவு ஒழுங்கு தெரியுமா? ஒரு சோற்றுப் பருக்கை சிந்த மாட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள், பிள்ளை இருக்கிற இடமே தெரியவில்லை என்று.

உன் கொள்கை எந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறது? என் வீட்டையா? அதிகாரியைக் கூட்டிக்கொண்டு நீயே வருவாயா? குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போவீர்களா? வாசலில் நான்தான் நிற்பேன், சொல்லிவிட்டேன்.

உன் தட்டு, அந்த மஞ்சள் விளிம்பு போட்டது, இன்னும் அலமாரியின் மேல் அடுக்கில்தான் இருக்கிறது. அப்பா பேச்சை மீறி நீ வேலைக்குப் போன அன்று கவிழ்த்தது. அம்மா கடைசிவரை அதைச் சுற்றித்தான் துடைத்தாள், தொடவில்லை. அம்மா இறந்தபோது வந்தாயே, அன்றைக்கு நீயாவது எடுத்து நிமிர்த்தியிருக்கலாமே! உனக்கே தைரியமில்லை. இப்போது நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறாய்.

இனி எழுதாதே.

---

மார்ச் 5

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது பதிலில்லை, தகவல்.

எடுத்துக்காட்டை எடுத்துவிட்டேன். நீ கேட்டபடியே. நேற்றைய கூட்டத்தில் நானே திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "அப்ப இந்தப் பிரிவுக்குக் கதவு இல்லையேம்மா" என்றார். நிதித்துறைக்காரருக்கு வசதியாகிவிட்டது. இந்தப் பிரிவு இருந்தால் ஊருக்கு ஊர் மனநல ஆலோசகர்களை நியமிக்க வேண்டும், அவருக்கு அதுதான் கவலை. ஏப்ரல் விசாரணையில் யாராவது நேரில் வந்து இப்படி ஒன்று தனக்கு நடந்தது என்று சொன்னால் பார்க்கலாம், இல்லையென்றால் பிரிவு போய்விடும் என்று முடிவு. குழுவின் செயலாளரான நான் சாட்சி சொல்ல முடியாது. விதி அப்படி.

மற்றதில் தோற்கவில்லை. புறக்கணிப்பு என்ற பிரிவில் வறுமையைச் சேர்க்கக் கூடாது என்று சண்டை போட்டு ஜெயித்தோம். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் தாய் வேறு வழியில்லாமல் பிள்ளையைத் தனியே விட்டால் அவளைக் குற்றவாளி என்று எழுத வேண்டாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடம் ஏற்பாடு செய்வதுதான் அரசின் வேலை என்று எழுதியிருக்கிறோம். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா என்று கேட்டாய். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து இல்லாத இடத்தில், முதலில் வீட்டுக்கு வருபவர் உதவ வருபவராகத்தான் இருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கு உன் வாசல்தான் ஞாபகம். அம்மாவுக்கு அப்படி யாராவது வந்திருந்தால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசியிருப்பாள் என்று தோன்றியது.

தட்டைப் பற்றி நீ சொன்னது சரி. பயமாகத்தான் இருந்தது.

பிள்ளை இருக்கிற இடமே தெரியவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படி. வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா

---

மார்ச் 19

அக்கா,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடையைப் பாதி மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லலாம் என்றிருந்தேன். கிழிக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் எதுவும் செய்யவுமில்லை. திங்கட்கிழமை வாண்டுவின் வகுப்பு டீச்சர் கடைக்கே வந்தார். கண்ணாடி மாற்ற வந்திருப்பார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"உங்க பொண்ணு கணக்குல ஒண்ணு தப்பா போட்டா சார். பெரிய விஷயமே இல்ல, பாதி கிளாஸ் தப்பாதான் போட்டுச்சு. சாப்பாட்டு பெல் அடிச்சதும் இவ டிபன் பாக்ஸ எடுத்து, தொறக்காம, டெஸ்க் மேல கவுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கா. நான் போய், ஏண்டா கண்ணு சாப்பிடலன்னு கேட்டேன். பதிலே இல்ல. தோளத் தொட்டுக் கேட்டேன். மெதுவா சொல்றா, இன்னிக்கு நான் இல்ல மிஸ்."

டீச்சர் இன்னும் என்னவோ சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. யாரும் கவிழ்க்காமலே தானாகக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள், அக்கா. நாம்கூட அந்த அளவுக்குப் போனதில்லை.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாண்டுகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். பேப்பரை மடித்தார். நான்காக மடித்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். "ஒரு அடி அடிச்சேனா? கேட்டுப் பாரு. உன்ன வளத்த மாதிரிதான் வளக்கறேன். நீ என்ன கெட்டா போயிட்ட?" என்றார்.

உனக்கு நான் எழுதிய அதே வார்த்தை. ஒரு அடி அடித்தாரா என்று. என் வாயிலிருந்து வந்ததை அவர் வாயில் கேட்டேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

சாப்பாட்டு வேளைக்கு மேசைக்குப் போனால் என் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது.

நாற்பத்திரண்டு வயது எனக்கு. சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். அந்த நீல விளிம்புத் தட்டைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கையை நீட்டித் திருப்ப வேண்டியதுதானே? கை வரவில்லை. வாண்டு என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு விதி தெரியும், என் மகள் தன் சாப்பாட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்படியே எழுந்து அடுப்படிக்குப் போகத் திரும்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நின்றபடி சாப்பிடத்தான் போனேன்.

அப்போது என் மனைவி வேலையிலிருந்து வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை. "என்ன இது, கழுவி வெச்சது அப்படியே கெடக்கு? தட்டத் திருப்பிப் போட்டுச் சாப்பிட மாட்டீங்களா? எல்லாம் நான் வந்துதான் செய்யணுமா?" என்று சொல்லிக்கொண்டே என் தட்டை எடுத்துத் திருப்பினாள். சாப்பாட்டைப் பரிமாறினாள். "உக்காருங்க, ஆறிடும்" என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. கை கழுவுகிற நேரம்கூட ஆகவில்லை. அவளுக்கு அது வெறும் தட்டு. அவள் வீட்டில் தட்டுக்கு அப்படி ஒரு அர்த்தமே கிடையாது. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப் போகிறது, நான் அவளிடம் சொன்னதே இல்லை. அப்பாவும் அவள் எதிரில் ஒரு முறைகூடச் செய்ததில்லை. பள்ளி விட்டு அவள் வந்த பிறகும் சனிக்கிழமை மதியமும், வீட்டில் நாங்கள் இல்லாதபோது மட்டும்தான்.

வாண்டு தலைநிமிர்ந்து அவள் அம்மாவைப் பார்த்தாள். வானத்திலிருந்து யாரோ இறங்கி வந்தது மாதிரி. அப்பா எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன், அழுதுகொண்டே. பிறகு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் விசாரணைக்கு யாராவது வர வேண்டும் என்று எழுதியிருந்தாயே. நான் வரலாமா?

சோடாபுட்டி

---

மார்ச் 25

என் தம்பிக்கு,

வரலாம். ஏப்ரல் எட்டு, காலையில். மூடிய அறையில்தான் கேட்பார்கள். உன் பெயரோ ஊரோ பதிவில் வராது. வாண்டுவைக் கூட்டி வராதே. அவளை எந்தக் குழுவும் கேள்வி கேட்க வேண்டாம். நான் அறையில் இருப்பேன், ஆனால் செயலாளராக. உன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டேன். நீ எனக்கு யார் என்பதை நீதிபதியிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். "உண்மையைச் சொல்றதுக்குச் சொந்தக்காரன் ஆகாதுன்னு யாரு சொன்னது?" என்பார், பாரேன்.

அதைவிட அவசரமானது இது. வாண்டுவிடம், அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று வாய்விட்டுச் சொல். ஒரு தடவை போதாது. தினமும் சொல். அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரு, பேச்சுக் கொடு. பதில் சொல்லாவிட்டாலும் பேசு. அந்த டீச்சரிடம் சொல்லி, பள்ளி ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய். இனி அவள் சாப்பாடு அப்பாவோடு தனியாக வேண்டாம். அப்பாவை வீட்டைவிட்டு அனுப்பு என்று நான் சொல்லவில்லை. நான் எழுதிய கொள்கையும் சொல்லவில்லை. அவரோடு அவளைத் தனியே விடாதே, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் படிக்க முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். துப்புரவு செய்யும் அம்மா என்னைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். அதற்கும் அழுகை வந்தது, அம்மா ஞாபகம். உன் மனைவியை நான் அணைத்துக்கொண்டதாகச் சொல்.

அக்கா

---

ஏப்ரல் 17

சோடாபுட்டிக்கு,

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து எழுத நினைக்கிறேன். முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தேன்.

அன்றைக்கு நீ பேச ஆரம்பிக்காமல் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வாயைத் திற, திற என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீ பேசி முடித்ததும் நிதித்துறைக்காரர், "இந்த மாதிரி எத்தன வீட்ல நடக்குதுன்னு ஏதாவது கணக்கு இருக்கா?" என்று கேட்டாரே, நீ சொன்ன பதிலை அப்படியே குறிப்பில் ஏற்றினேன். "எனக்கு எப்படி சார் தெரியும்? எங்க வீட்ல நடந்தது என் பொண்டாட்டிக்கே தெரியாது." அவர் ஃபைலை மூடிவிட்டார். வெளியே போகும்போது லிஃப்டுக்காக நிற்கையில், தன் பையனுக்கும் எட்டு வயதுதான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரிவு நிற்கிறது. முழுசாக இல்லை. ஊருக்கு ஊர் ஆலோசகர் என்பதைப் பெரிய பள்ளிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். நொண்டிதான், ஆனாலும் நிற்கிறது. எல்லா ஆசிரியருக்கும் பயிற்சி என்ற வாக்கியத்தை யாரும் தொடவில்லை. நேற்று அமைச்சரவைக்குப் போய்விட்டது. அங்கே என்ன செய்வார்களோ, என் கையில் இல்லை. நீதிபதி சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கதவு தெரிஞ்சிருச்சும்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் நாம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். ஸ்டேஷன் கேன்டீனில், காகிதத் தட்டில். நீ இன்னும் வேகமாகத்தான் சாப்பிடுகிறாய்.

அக்கா

---

ஏப்ரல் 29
கண்ணாடிக் கடை

அக்கா,

வாண்டு இப்போது பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுகிறாள். பார்வை அளக்கும் மேசையில்தான் எங்கள் சாப்பாடு. சிந்துகிறாள்! நேற்று என் புது லென்ஸ் டப்பாமேல் குழம்பைக் கொட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உறைந்து நின்றாள். "தொடச்சிடலாம், நீ சாப்பிடு" என்றேன். கொஞ்ச நேரம் நம்பவில்லை. பிறகு சாப்பிட்டாள். ஆலோசகர் வாரம் ஒரு முறை பார்க்கிறார். போன வாரம் எதிர்த்துப் பேசினாள். நானும் என் மனைவியும் அடுப்படிக்குள் போய்ச் சந்தோஷப்பட்டோம்.

அப்பா தன் தட்டைத் தானே கவிழ்த்துக்கொண்டார். நான் தலைநகரிலிருந்து திரும்பிய அன்றிலிருந்து மேசைக்கு வருவதில்லை, அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறார். என் மனைவி தினமும் அவர் தட்டைத் திருப்பி வைத்து, "மாமா, சாப்பாடு" என்று கூப்பிடுகிறாள். வருவதில்லை. வாண்டு என்னிடம், "தாத்தா இன்னிக்கு இல்லையா?" என்று கேட்டாள். "இருக்கார். நீ பேசணும்னா பேசு, வேணாம்னா விடு. நம்ம வீட்ல இனிமே யாரும் இல்லாம போக மாட்டாங்க" என்றேன். அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒருநாள் சாயங்காலம் என்னிடம், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கப்பாவும் எனக்கு அப்படித்தான் வெச்சாரு" என்றார். "உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். அவர்மேல் எனக்கு இரக்கமும் வருகிறது, கோபமும் போகவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் மேல் அடுக்கிலிருந்து உன் தட்டை இறக்கினேன். அது இருந்த இடத்தில் பலகை மட்டும் புதுசு மாதிரி வட்டமாக இருந்தது. வாண்டு எட்டிப் பார்த்தாள்.

"யாரோடதுப்பா இது?"

"அத்தையோடது."

"அத்த என்ன தப்பு பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல."

பிறகு அவளே வாங்கிக்கொண்டு போய்த் தேய்த்துக் கழுவி, மேசையில் எனக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள். அப்பா வந்து பார்த்தார். கவிழ்க்கவில்லை.

அத்தை வரும்வரை எடுக்கக் கூடாது என்று வாண்டு கட்டளை போட்டிருக்கிறாள். தூசி படிகிறது, நான்தான் தினமும் துடைக்கிறேன். சீக்கிரம் வா.

தம்பி